மூளை செல்லுக்குள் ஒரு சாரம்: எங்கே இருக்கு, எதுக்கு?

அம்பத்தூர், ஆவடி பக்கம் புது அபார்ட்மென்ட் எழும்பினால் சாரம் கட்டுவார்கள். வேலை முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். மூளை செல்களிலும் சாரம் உண்டு. ஆனா, அது கலைஞ்சா சிக்கல்!

எங்கே இருக்கிறது?

நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசும் சந்திப்புதான் சினாப்ஸ். அங்கே சிக்னலை வாங்கும் பக்கத்தில், செல்லின் சவ்வுக்கு அடியிலேயே ‘பிஎஸ்டி-95’, ‘ஷாங்க்-3’ போன்ற சாரப் புரதங்கள் நெருக்கமாக இருக்கும். சிக்னலைப் பிடிக்கும் ரிசெப்டர்களை அங்கேயே நிறுத்திவைப்பது இவைதான். அனுப்பும் பக்கத்தில் ‘பசூன்’, ‘பிக்கலோ’.

குறைந்தால் என்ன ஆகும்?

22-வது குரோமோசோமில் உள்ள ஷாங்க்-3 மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதானாலே பேச்சு தாமதமாகலாம், ஆட்டிசம் வரலாம். ஆட்டிசம் உள்ளவர்களில் சுமார் 1 சதவீதத்தினருக்கே இது காரணம். மரபணுப் பரிசோதனையில் கண்டறியலாம். ‘வளர்ப்பு சரியில்லை’ என்று அம்மாவைக் குறை சொல்றவங்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்க.