சளிக்குள் கூடிய கூட்டம்

கண்ணுக்குத் தெரியாத அயலார் – 17

சென்ற வாரம் சூடோமோனாஸ் ஏரூஜினோசா என்ற பாக்டீரியாவைப் பார்த்தோம். காயத்துக் கட்டுத் துணிகளில் நீலமும் பச்சையுமாகச் சீழ் படிகிறதே, அதற்குக் காரணமான இந்தக் கிருமியை 1882இல் பிரெஞ்சு மருந்தாளுநர் கார்ல் கெசார் பிரித்தெடுத்தார். ஈர மண், குளத்து நீர், கழுவுதொட்டியின் குழாய் என எங்கும் இருப்பது இது. ஆரோக்கியமான நுரையீரலுக்குள் போனால் வந்த வழியே வெளியே தள்ளப்பட்டுவிடும். ஒரு குறிப்பிட்ட நோய் உள்ள பிள்ளைகளிடம் மட்டும் அப்படி நடப்பதில்லை. உள்ளே போனது அங்கேயே குடியேறிவிடுகிறது. ஏன் என்று கேட்டு வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்வியின் பின்னாலேயே போனவர் டென்மார்க்கின் நுண்ணுயிரியலாளர் நீல்ஸ் ஹொய்பி.

அந்த நோயின் பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் அதிகம். 7ஆம் குரோமோசோமில் இருக்கும் அந்த மரபணுவை 1989இல் கண்டுபிடித்தார்கள். செல்லின் மேற்பரப்பில் குளோரைடு போய்வரும் ஒரு வாசலை உருவாக்குவது அதன் வேலை. வாசல் பழுதானால் உப்பும் நீரும் சரியாக வெளியே வராது. மூச்சுக்குழாயின் உட்பூச்சு வறண்டு, சளி பசைபோல் இறுகிவிடும். அதை மேலே தள்ள வேண்டிய நுண்மயிர்கள் அசைய முடியாமல் படுத்துவிடும். நியூயார்க் மருத்துவர் டோரத்தி ஆண்டர்சன் 1938இல் இந்த நோயை விவரித்த காலத்தில் இப்பிள்ளைகளில் பெரும்பாலோர் பள்ளி செல்லும் வயதைக்கூட எட்டவில்லை. பிறகு செரிமான நொதிகளை மாத்திரையாகக் கொடுத்து ஊட்டக்குறையைச் சமாளித்தார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியை ஆன்டிபயாடிக்குகள் அடக்கின. பிள்ளைகள் வளர்ந்தார்கள். வளர்ந்தவர்களைச் சூடோமோனாஸ் பிடித்துக்கொண்டது.

1970களில் கோபன்ஹேகனின் ரிக்ஸ்ஹாஸ்பிடலெட் மருத்துவமனையில் ஹொய்பி இந்தப் பிள்ளைகளின் சளியை ஆராய்ந்துகொண்டிருந்தார். எந்த ஆய்வகத்திலும் அன்று வழக்கம் ஒன்றுதான். சளியை அகார் தட்டில் தீற்றி, வளரும் பாக்டீரியாவில் ஒரு துளியைத் திரவத்தில் பெருக்கி, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்த்து அறிக்கை எழுதுவது. அறிக்கை நம்பிக்கை தரும். மருந்து வேலை செய்யும் என்றே சொல்லும். மருந்தை ஏற்றினால் பிள்ளைக்கு மூச்சு கொஞ்சம் இலகுவாகும். சில வாரம் கழித்து அதே சூடோமோனாஸ் மறுபடி சளியில் நிற்கும்.

ஹொய்பி தட்டில் வளர்ந்ததோடு நிற்காமல், சளியையே நேராகக் கண்ணாடிச் சில்லில் தடவி, நிறமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அங்கே பாக்டீரியாக்கள் தனித்தனியாக நீந்தவில்லை. குவியல் குவியலாக, வழவழப்பான ஒரு பொருளுக்குள் பதிந்து கிடந்தன. இறந்துபோன நோயாளிகளின் நுரையீரல் திசுவிலும் அதே குவியல்கள். ஆய்வகம் சோதித்ததும் நுரையீரலில் இருந்ததும் ஒரே இனம், ஆனால் ஒரே வாழ்க்கை அல்ல என்பது அந்தச் சில்லில் தெரிந்தது. பெரிய கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. எல்லா மருத்துவமனையிலும் இருந்த நுண்ணோக்கிதான். இந்த ஆய்வில் நான் மிகவும் மதிப்பது இந்த இடத்தைத்தான்: கையிலிருந்த அறிக்கையைவிட, நோயாளியின் சளியில் கண்ணால் கண்டதை அவர் நம்பினார்.

அதே காலத்தில், கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பில் காஸ்டர்டன், பாக்டீரியாக்கள் இயற்கையில் பெரும்பாலும் எதிலாவது ஒட்டிக்கொண்டு கூட்டமாகவே வாழ்கின்றன என்று வாதாடிக்கொண்டிருந்தார். மலை ஓடைகளின் பாறைகளில் அவர் இதைக் கண்டார். 1980இல் அவருடைய குழு, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நுரையீரலுக்குள்ளும் சூடோமோனாஸ் இப்படிச் சிறு குடியிருப்புகளாக வாழ்வதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டியது. இதைத்தான் இன்று பயோஃபிலிம், உயிர்ப்படலம் என்கிறோம். குளத்துப் படியில் கால் வைத்ததும் வழுக்குகிறதே, அது ஓர் உயிர்ப்படலம். பல்லில் படியும் காரையும் அதுவே. 17ஆம் நூற்றாண்டிலேயே டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹூக், வினிகரால் வாய் கொப்பளித்தும் பல் காரையின் மேற்புறத்தில் இருந்த நுண்ணுயிர்கள்தான் செத்தன, உள்ளே இருந்தவை சாகவில்லை என்று கவனித்து எழுதியிருக்கிறார். மருத்துவம் அந்தக் குறிப்பைச் சுமார் 300 ஆண்டுகள் கழித்துத்தான் திரும்பி எடுத்துப் பார்த்தது.

நுரையீரலில் நடப்பது என்ன? இறுகிய சளியில் வந்து சேரும் சூடோமோனாஸ், சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ குணம் மாறுகிறது. மக்-ஏ (mucA) எனப்படும் மரபணுவில் மாற்றம் நேர்ந்தால், ஆல்ஜினேட் என்ற வழவழப்பான சர்க்கரைச் சங்கிலியை அது ஓயாமல் சுரக்கத் தொடங்கும். இந்தப் பாக்டீரியாவைத் தாக்க நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் படையெடுத்து வருகின்றன. வந்தவை சளியிலுள்ள ஆக்சிஜனை எல்லாம் செலவழித்துவிடுகின்றன. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கச் சூடோமோனாஸுக்குத் தெரியும். அதனால் சாகாது, வளர்ச்சியை மட்டும் மெதுவாக்கிக்கொள்ளும். இங்கேதான் மருந்து தோற்கிறது. பல ஆன்டிபயாடிக்குகள் வேகமாகப் பெருகும் செல்லைத்தான் கொல்லும். டோப்ராமைசின் போன்றவை பாக்டீரியாவுக்குள் நுழையவே ஆக்சிஜன் தேவை. தனித்து நீந்தும் பாக்டீரியாவைக் கொல்லும் அளவைப்போல் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு மருந்தையும் படலத்துக்குள் இருப்பது தாங்கிவிடும்.

ஹொய்பியின் இன்னொரு கண்டுபிடிப்பு என்னை இன்றும் உலுக்குவது. பெரும்பாலான தொற்றுகளில், கிருமிக்கு எதிராக உடம்பு எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கினால் அது நல்ல செய்தி. இந்தப் பிள்ளைகளிடம் கதை தலைகீழ். இரத்தத்தில் சூடோமோனாஸுக்கு எதிரான புரத வகைகள் கூடக்கூட, நுரையீரல் வேகமாகக் கெட்டது. படலத்துக்குள் இருக்கும் பாக்டீரியாவை அந்தப் புரதங்களால் ஒழிக்க முடியவில்லை. கிருமியின் துணுக்குகளோடு அவை பிணைந்து திசுவில் தங்குகின்றன. அதைப் பார்த்து மேலும் வெள்ளணுக்கள் வருகின்றன. வந்தவை கக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதி, கிருமியைவிட நுரையீரலின் சொந்த நார்களைத்தான் அதிகம் அரிக்கிறது. மூச்சுக்குழாய்கள் தளர்ந்து விரிந்துவிடுகின்றன. ஆக, பிள்ளையின் நுரையீரலை அழிப்பதில் பெரும்பங்கு அந்தப் பிள்ளையின் பாதுகாப்புப் படைக்கே.

இதெல்லாம் புரிந்த பிறகு சிகிச்சையை எப்படி மாற்றுவது? டென்மார்க் மருத்துவர்கள் இரண்டு முடிவுகள் எடுத்தார்கள். படலம் நிலைத்துவிட்டவர்களுக்கு, மூச்சுத்திணறல் வரும்வரை காத்திருக்காமல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வாரம் நரம்பு வழியாக மருந்து. கிருமி ஒழியாது, ஆனால் அதன் எண்ணிக்கை குறையும், அழற்சி தணியும். 1976இல் இம்முறை தொடங்கிய பின், நிலைத்த தொற்று வந்தவர்களில் ஐந்தாண்டுக்கு மேல் உயிரோடு இருந்தோர் விகிதம் 54 சதவீதத்திலிருந்து 82 ஆக ஏறியது.

இரண்டாவது முடிவுதான் பெரியது. படலம் கட்டும் முன்பே பிடிப்பது. மாதந்தோறும் எல்லாப் பிள்ளைகளும் வர வேண்டும், சளி கொடுக்க வேண்டும். இருமிச் சளி துப்பத் தெரியாத சின்னக் குழந்தைகளுக்கு மெல்லிய குழாயால் தொண்டையிலிருந்து உறிஞ்சி எடுப்பார்கள். குழந்தை அழும், தாய்க்கும் மனம் பதறும், ஆனாலும் எடுப்பார்கள். முதன்முறை சூடோமோனாஸ் தென்பட்டதும், பிள்ளை நன்றாக ஓடி விளையாடிக்கொண்டிருந்தாலும், உடனே நெபுலைசரில் கொலிஸ்டினும் வாய்வழி சிப்ரோஃப்ளாக்சசினும். 1991இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு சிறியதுதான், 26 பேர். சிகிச்சை பெற்ற 14 பேரில் இருவருக்குத் தொற்று நிலைத்தது. பெறாத 12 பேரில் ஏழு பேருக்கு. முதன்முறை தென்பட்டதுமே கிருமியை ஒழிக்க முயல்வது இன்று உலகம் முழுக்க நடைமுறை.

இந்த வெற்றிக்கு ஒரு விலையும் உண்டு. மருந்துக்கு அடங்காத ஒரே சூடோமோனாஸ் வகை, மாதந்தோறும் ஒரே மருத்துவமனைக்கு வந்து கூடிய பிள்ளைகளிடையே பரவுவதை 1980களின் தொடக்கத்தில் கண்டார்கள். தொற்று உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு வார்டில் பார்க்கத் தொடங்கினார்கள். புதிய தொற்றுகள் குறைந்தன. பிற்பாடு குளிர்கால முகாம் ஒன்றிலேயே கிருமி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவியதும் தெரியவந்தது. அதே நோயோடு வாழும் நண்பனை, தன் வேதனையைச் சொல்லாமலே புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆளை, ஒரு பிள்ளையால் பக்கத்தில் உட்கார வைத்துப் பேச முடியாது. இன்றும் இந்நோயாளிகள் ஒருவரிடமிருந்து ஒருவர் சுமார் இரண்டு மீட்டர் தள்ளி நிற்க அறிவுறுத்தப்படுகிறார்கள். அந்த முடிவு சரியானது என்றுதான் நினைக்கிறேன். அதனால் அது கொடுமையில்லை என்று ஆகிவிடாது.

2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மூன்று மருந்துகளின் கூட்டு, பழுதான அந்தக் குளோரைடு வாசலையே ஓரளவு திறக்கிறது. சளி இளகுகிறது, மூச்சு சீராகிறது. ஆனால் ஏற்கெனவே குடியேறிய சூடோமோனாஸ் பலரிடம் இன்னும் இருக்கிறது, குறைந்த அளவில்.

நம் ஊரில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அரிதாகவே கண்டறியப்படுகிறது. ஆனால் காசநோய் குணமான பிறகும் மூச்சுக்குழாய் விரிந்தே நின்றுவிட்டவர்கள் ஏராளம். பிராங்கியெக்டாசிஸ் என்று அவர்கள் கோப்பில் எழுதியிருக்கும். தினமும் காலையில் கிண்ணம் நிறையச் சளி. நாட்பட்டால் அதிலும் இதே சூடோமோனாஸ், இதே படலம். ஐரோப்பிய சுவாச மருத்துவச் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல், இவர்களிடமும் முதன்முறை சூடோமோனாஸ் தென்பட்டால் அதை ஒழிக்கும் சிகிச்சையைத் தரப் பரிந்துரைக்கிறது. முதன்முறை எது என்று தெரிய வேண்டுமானால், சளியைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அவ்வப்போது அனுப்பியிருக்க வேண்டும். இருமல் கூடும்போதெல்லாம் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்பவருக்கு அந்த முதல்முறை தெரியாமலே கடந்துபோகிறது. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது சளிக் கல்ச்சர் எடுக்கலாமா என்று கேளுங்கள். எச்சில் போதாது, காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, ஆழ இருமி எடுத்த சளி வேண்டும்.

அடுத்த வாரம் ஜப்பானுக்குப் போகிறோம். சூடோமோனாஸைக் கொல்லவே முடியாத எரித்ரோமைசின் என்ற பழைய மருந்து, குறைந்த அளவில் மாதக்கணக்காகக் கொடுத்தபோது அங்கே ஒரு நுரையீரல் நோயின் போக்கையே மாற்றியது.