பள்ளிக்கு நிதி திரட்டும் பெற்றோர் கவனத்துக்கு

வேலூர், ஆம்பூர் வட்டாரத்துக்குக் கல்விக் கொடை புதிதல்ல. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரியும் (1919) மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரியும் (1965) தோல் வணிகர்களின் கொடையில் வளர்ந்த கல்விச் சங்கங்கள் உருவாக்கியவை. இன்று உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் ஆய்வகத்துக்கும் நூலகத்துக்கும் பெற்றோரே நிதி திரட்ட முன்வருகிறார்கள். இவர்களில் பலர் ஷூ கம்பெனியிலும் தோல் தொழிற்சாலையிலும் கூலிக்கு உழைப்பவர்கள். அவர்கள் தரும் நூறு ரூபாய்க்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும்.

கட்டாயம் கூடாது

கல்வி உரிமைச் சட்டத்தின் (2009) 13ஆம் பிரிவுப்படி, 8ஆம் வகுப்பு வரை சேர்க்கைக்கு நன்கொடை வாங்கினால், வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் உண்டு. தனியார் பள்ளிகள் அரசின் கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்த தொகைக்கு மேல் வாங்க முடியாது. நன்கொடை தரவில்லை என்பதற்காக மாற்றுச் சான்றிதழை நிறுத்தி வைப்பது தவறு.

எல்லாச் செலவையும் பெற்றோர் சுமக்கவும் வேண்டாம். பள்ளிகளில் குடிநீரும் கழிப்பறையும் இருக்க வேண்டும் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தோல் கழிவால் நிலத்தடி நீர் கெட்டுப்போன நம் பகுதியில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று 1996லேயே அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே தண்ணீருக்கு முதலில் மனு கொடுங்கள், உண்டியல் பிறகு.

எங்கே கேட்கலாம்?

ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொடும் நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது கம்பெனிகள் சட்டம் (2013). கல்வி அந்தப் பணிகளின் பட்டியலில் இருக்கிறது. நீங்கள் வேலை செய்யும் நிறுவனத்திடமே பள்ளியின் தேவையை எழுதிக் கொடுங்கள். அரசுப் பள்ளி என்றால், 2022இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் வழியாக நிறுவனமும் முன்னாள் மாணவரும் உதவலாம். பள்ளி விழாவில் பிரியாணிக் கடை போடுவதும் நல்ல வழிதான். உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

எதில் சிக்கல்?

குலுக்கல் சீட்டு விற்காதீர்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. திரட்டிய பணத்தை மாத வட்டிக்கு ஆசைப்பட்டுத் தனியார் நிதி நிறுவனத்தில் போடாதீர்கள். தனிநபரின் ஜிபே எண்ணில் வசூல் வேண்டாம். இருவர் கையெழுத்திட்டால் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு வேண்டும்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சேமிப்பை வங்கி வழியே அனுப்பினால் சிக்கலில்லை. ஷூ வாங்கும் வெளிநாட்டு நிறுவனமோ வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரோ தந்தால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (2010) அனுமதி பெறாத அமைப்பு அதை வாங்கக் கூடாது.

தவறு நடந்தால்

கொடுத்த பணத்துக்கு ரசீது கேளுங்கள். அரசுப் பள்ளிகளின் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். கணக்கை அந்தக் குழுவின் கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். ஷூ கம்பெனிக்குப் போகும் தாய்மார் கூலியை இழக்காமல் வரக்கூடிய நேரத்தில் கூட்டத்தை வைக்கச் சொல்லுங்கள்.

கட்டாய வசூல் என்றால் 14417 என்ற கல்வி உதவி எண்ணில் சொல்லலாம். மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் புகார் தரலாம். 2019இல் மாவட்டம் பிரிந்ததால், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும் மேல்விஷாரத்துக்காரர்கள் ராணிப்பேட்டைக்கும் போக வேண்டும். அரசுப் பள்ளிக் கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். இணையத்தில் போலி வசூலில் ஏமாந்தால் உடனே 1930ஐ அழையுங்கள்.

பணம் தர முடியாத தாய்க்கும் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. அவர் பிள்ளையும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறது.