அடி எடுத்துக் கொடுப்பவர்

எங்கள் கோயிலின் வடபக்கத் தூணில் ஒரு தேக்குப் பலகை தொங்குகிறது. குறுக்கே ஐந்து சட்டம், அவற்றில் செருகி எடுக்கிற எண் அட்டைகள். எண்ணுக்கு முன்னால் ‘பா’ என்று இருந்தால் பாமாலை, ‘கீ’ என்று இருந்தால் கீர்த்தனை. சனிக்கிழமை மாலை கோயில் பணியாளரான கோயில்குட்டியார் ஸ்டூலில் ஏறி அட்டைகளை மாற்றுவார். ஞாயிறு காலை உள்ளே வருகிறவர்கள் கண்ணை மூடி ஒரு சிறு ஜெபம் செய்வார்கள். கண்ணைத் திறந்ததும் பலகையைப் பார்த்துப் புத்தகத்தில் துண்டுத்தாள் வைப்பார்கள். சிறுவனாக இருந்தபோது எனக்கு அந்த இரண்டாவது காரியத்தில்தான் பக்தி அதிகம்.

இப்போது கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஒரு மேசை, அதன்மேல் ஒரு மடிக்கணினி. பீடத்துக்கு இருபுறமும் இரண்டு பெரிய டிவி. மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் நான். பாட்டு எனக்கு வராது. அதனாலேயே இந்த வேலைக்குத் தகுதியானவன் என்று பாடகர் குழுவில் யாரோ சொன்னார்களாம்.

என் ஆச்சிக்கு எழுத்து தெரியாது. அவள் பிறந்த ஊர்ச் சபையில் பாதிப்பேர் அப்படித்தான் என்பாள். உபதேசியார் ஓர் அடியைச் சொல்லுவார், சபை பாடும். அடுத்த அடியைச் சொல்லுவார், சபை பாடும். இதற்கு அடி எடுத்துக் கொடுப்பது என்று பேர். சபை மூச்சு வாங்குகிற இடத்தில் அடுத்த அடி காதில் விழ வேண்டும். முந்தினால் பாட்டு குழம்பிவிடும், பிந்தினால் படுத்துவிடும். ‘எங்க உபதேசியாருக்குத் தொண்டை கிடையாது, ஆனா நேரம் தப்பாது’ என்பது ஆச்சி அவருக்குக் கொடுத்த சான்றிதழ்.

புத்தகம் வந்த கதை பழையது. தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு 1706இல் வந்திறங்கி, அடுத்த பத்தாண்டுக்குள் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது. ஆனால் நம் ராகத்தில் அமைந்த கீர்த்தனைகள் சபைப் புத்தகமாக ஆனது வெகுகாலம் கழித்து. கீர்த்தனைக் கவிஞர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) உயிரோடிருந்தபோதே, 1853இல், மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். தலைப்பில் எண், அதன் கீழே ராகம், தாளம், பிறகு பல்லவி, அனுபல்லவி, சரணங்கள். இந்த அமைப்பு இன்றைய புத்தகங்களிலும் மாறவில்லை. ஒரு பாட்டை முழுதாக ஒரே பார்வையில் பார்க்கலாம். இன்னும் எத்தனை சரணம் இருக்கிறது என்று எண்ணிப் பெருமூச்சும் விடலாம். திரையில் அந்த வசதி கிடையாது.

எங்கள் சபையில் முதல் வெளிச்சம் விழுந்தது 1990களின் நடுவில், வாலிபர் கூடுகையில். பக்கத்துக் கல்லூரியிலிருந்து இரவல் வாங்கிய ஓவர்ஹெட் புரொஜக்டர். கண்ணாடித்தாளில் மார்க்கர் பேனாவால் பாட்டை எழுதி, ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க நடுவில் டிஷ்யூ தாள் வைத்து, ஃபைலில் அடுக்கியிருப்போம். இருட்டினால்தான் எழுத்து தெரியும் என்பதால் கூட்டமே மாலை ஆறரைக்கு. தாளைத் தலைகீழாக வைப்பது வாரம் ஒருமுறை நடக்கும். பாடுகிற வரியை விரலால் காட்டப்போனால் சுவரில் முருங்கைக்காய் நீளத்தில் ஒரு நிழல் ஊரும். அப்போது பெர்க்மான்ஸ் அவர்களின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் என்ற பாட்டுகள் வந்து வாலிபர்களைப் பிடித்துக்கொண்ட காலம். பாமாலைப் புத்தகத்தில் இல்லாத பாட்டுகள் பெருகப் பெருக, சுவர்தான் புத்தகமாயிற்று.

அதற்குப் பிறகு பவர்பாயின்ட். 1987இல் மக்கின்டாஷ் கணினிக்காக வேறொரு சிறு நிறுவனம் வெளியிட்டு, அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலருக்கு வாங்கிய சரக்கு. அலுவலகக் கூட்டங்களுக்காகச் செய்த பொருள் எங்கள் கோயிலுக்குள் வந்தபோது அதன் குணத்தையும் கூடவே கொண்டுவந்தது. அது ஒன்றிலிருந்து கடைசிவரை நேராகப் போகும். கீர்த்தனை அப்படிப் போகாது. ஒவ்வொரு சரணத்துக்கும் பிறகு பல்லவிக்குத் திரும்பும். பாடகர் குழுத் தலைவருக்கு மனம் பொங்கினால் அனுபல்லவியை இரண்டுமுறை சுற்றும். பவர்பாயின்டில் அதற்கு ஒரே வழி, பல்லவி ஸ்லைடை நகலெடுத்து ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் ஒட்டிவைப்பது. ஆறு சரணப் பாட்டுக்கு ஆறு பல்லவி நகல். சார்வாள் திடீரென்று நாலாம் சரணத்தை விட்டுவிட்டு ஐந்துக்குப் போனால், திரையில் ஸ்லைடுகள் கோழிக்குஞ்சு மாதிரி அங்கும் இங்கும் ஓடும். (பாடகர் குழுவை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊருக்கே அவர் சார்வாள்.)

எழுத்துரு படுத்திய பாடு அதைவிடப் பெரிது. அந்த நாளில் பாமினியில் தட்டுவோம். அது உண்மையில் ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேடம் போட்ட ஏற்பாடு. வேறு கணினியில் பாமினி இல்லாவிட்டால் வேடம் கலைந்துவிடும். ஒரு ஈஸ்டர் விடியற்காலை, நன்கொடையாக வந்த புதுக் கணினியில் கோப்பைத் திறந்தேன். திரை முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்து. தமிழில் மெய்க்குப் புள்ளி வரவேண்டிய இடத்திலெல்லாம் ஓர் அரைப்புள்ளி. உயிர்த்தெழுதலின் பாட்டை அன்றைக்கு அரைப்புள்ளிகளோடு தியானித்தோம். பலகையில் எண் இருந்தது, புத்தகம் வைத்திருந்த பெரியவர்கள் பாடினார்கள், சபை தப்பித்தது.

விண்டோஸ் 2000இலேயே ஒருங்குறித் தமிழ் வந்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2010இல் அதை ஏற்று ஆணையிட்டது. ஆனால் ஆயிரம் பாட்டுக் கோப்புகளை யார் மாற்றுவது? மாற்றிகளில் போட்டு எடுத்தோம். அதில்தான் ஒரு வேடிக்கை வெளிப்பட்டது. பழைய கோப்புகளில் ‘கால்’ என்பதில் துணைக்கால் போடாமல் ‘ர’வைப் போட்டு ‘கரல்’ என்று தட்டியிருந்தார்கள். ‘கௌ’ என்பதைக் கொம்பும் ‘க’வும் ‘ள’வுமாகக் கோத்திருந்தார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினியில் தேடினால் பாட்டு அகப்படாது.

மென்பொருளை மாற்றலாம் என்று சபைக் குழுவில் பேச்சு வந்தது கொரோனாவுக்குப் பிறகு. 2020இல் கோயிலைப் பூட்டி வீட்டிலிருந்து ஒளிபரப்பியபோது, சபையின் போதகரான ஐயரின் முகத்துக்குக் கீழே இரண்டு வரி பாட்டு வரவேண்டும் என்றார்கள். பவர்பாயின்டை வைத்துக்கொண்டு அதைச் செய்ய நான் பட்ட பாடு தனிக் கதை. ஆராதனைக்கென்றே செய்த மென்பொருள்கள் இருப்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. புரொபிரசன்டர், ஈஸிவொர்ஷிப் என்று அமெரிக்காவிலிருந்து காசுக்கு வருபவை. ஓபன்எல்பி, ஓபன்சாங், குவேலியா என்று இலவசமாகக் கிடைப்பவை. காசுக்கு வருபவற்றின் பின்னணிப் படங்களைப் பார்த்ததும் வாலிபர்கள் மயங்கிவிட்டார்கள். மலை, அருவி, அசைகிற மேகம்.

சந்தா டாலரில் என்றதும் ஒருவர் மெதுவாக, ‘கிராக் வெர்ஷன் கிடைக்கும் அண்ணாச்சி, எங்க மச்சான் சபையில அதுதான் ஓடுது’ என்றார். பத்துக் கட்டளைகளை அந்த மென்பொருளில் ஓட்டி எட்டாவது வருகையில் நான் எந்தப் பக்கம் பார்ப்பது? ஐயர் சிரிக்கவில்லை. பேச்சு அதோடு நின்றது.

இந்த மென்பொருள்கள் பாட்டின் அடியில் எழுதியவர் பெயரையும் உரிமையையும் சிறிய எழுத்தில் காட்டும். அதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. பாட்டுகளை அனுமதியின்றிப் படியெடுத்ததற்காக ஒரு பதிப்பகம் சிகாகோ கத்தோலிக்க மறைமாவட்டத்தின் மீது வழக்குப் போட்டு, 1984இல் ஜூரிகள் 30 இலட்சம் டாலருக்கு மேல் தீர்ப்பளித்தார்கள். அங்கத்துச் சபைகள் அரண்டுபோய் உரிமம் வாங்கும் வழக்கத்துக்கு வந்தன. 1988இல் அதற்கென்றே சிசிஎல்ஐ நிறுவனம் உருவாயிற்று. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் மதச் சடங்கில் பாடுவதற்கு விலக்குத் தருகிறது என்பதால் நாம் அந்த அடி வரியைக் கவனிப்பதில்லை. எனக்கோ அது பிடித்திருந்தது. புத்தகத்திலிருந்து திரைக்கு வந்ததும் காணாமல்போன சாஸ்திரியார் பெயர் அந்தச் சின்ன வரியில் திரும்பி வரும்.

நான் வைத்த சோதனைகள் எளியவை. முதலில் ‘கொ’ என்று தட்டினேன். ஒரு மென்பொருள் கொம்பைக் ‘க’வுக்குப் பின்னால் கொண்டுபோய் நட்டது. அதை மூடிவிட்டேன். இரண்டாவது, நீளச் சொல். ‘இரட்சிக்கப்பட்டவர்களுக்காக’ என்ற ஒரே சொல் நம் ஊரில் ஒரு வரியை அடைத்துக்கொள்ளும். ஆங்கிலத்தை நினைத்துச் செய்த மென்பொருள் இடம் போதாவிட்டால் எழுத்தைச் சுருக்கிக்கொண்டே போகும்; கடைசி பெஞ்சுக்கு எறும்பு ஊர்வதுபோல் தெரியும். ஸ்லைடுக்கு மூன்று வரிக்கு மேல் போகாமல் நாமே வெட்டிவைக்க இடம் தருகிறதா என்று பார்த்தேன். மூன்றாவது, பல்லவி. பாட்டை ஒருமுறை ஏற்றி, பல்லவி எது, சரணங்கள் எவை என்று குறித்துவிட்டால், ஒரே விசையில் எங்கிருந்தும் பல்லவிக்குத் தாவ வேண்டும். அவர்கள் இதைக் கோரஸ் என்கிறார்கள். நம் கீர்த்தனைக்காகவே தைத்த சட்டை மாதிரி பொருந்துகிறது.

ஓபன்எல்பி மூன்றிலும் தேறியது. காசும் இல்லை, களவும் இல்லை. குழு தலையாட்டியது. அப்போதுதான் சார்வாள் வாயைத் திறந்தார்:

‘எல்லாம் சரி தம்பி. கீர்த்தனை நம்பர் சொன்னா பாட்டு வருமா?’

முதலடியைத் தட்டினாலே வரும் சார்வாள் என்றேன். ‘முதலடி இயேசுன்னு தொடங்கினா நீ எப்படித் தட்டுவ? இயேசுவா, ஏசுவா, யேசுவா?’ என்றார். கோப்புகளில் மூன்றும் இருந்தன. இரட்சகரும் ரட்சகரும் இருந்தார்கள், ஜெபமும் செபமும் இருந்தன. ஞாயிறு காலை ஆறேகால் மணிக்கு ஐயர் பாட்டை மாற்றினால், பாமாலை இன்ன எண் என்று வெஸ்ட்ரியிலிருந்து குரல் வரும். முதலடியைச் சொல்ல மாட்டார்கள். தூணில் தொங்குகிற பலகைக்கு ஐந்தாறு எழுத்துக்கூட்டல் கிடையாது, எண் மட்டும்தான்.

தேடிப் பார்த்தேன். பாட்டுப் புத்தகத்தின் பெயரையும் எண்ணையும் சேர்த்து ஏற்றிவைத்தால் எண்ணைக்கொண்டே எடுக்கலாம். ஒரே பாட்டுக்கு இரண்டு புத்தகத்தின் எண்களையும் கொடுக்கலாம். ஆனால் எண்கள் எங்கள் கோப்புகளில் ஒன்றில்கூட இல்லை. பவர்பாயின்ட் காலத்தில் யாரும் அவற்றைத் தட்டவில்லை, நானும் தட்டவில்லை.

இப்போது அடி எடுத்துக் கொடுக்கிற வேலை கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. வரி முடிந்த பிறகு விசையைத் தட்டினால் சபை திணறும். கடைசிச் சொல்லின் நடுவிலேயே தட்ட வேண்டும், அவர்கள் மூச்சு வாங்குகையில் அடுத்தது கண்ணில் படும். வாலிபர்கள் கேட்ட மேகங்களைச் சில பாட்டுக்குப் போட்டேன். முதியவர்கள் எழுத்து ஆடுகிறது என்றார்கள். கறுப்பில் வெள்ளைக்குத் திரும்பிவிட்டேன். புத்தகம் தூக்குகிற கைகள் குறைந்துவிட்டன, தலைகள் நிமிர்ந்திருக்கின்றன. ஆனால் அம்மா விரல் வைத்துக் காட்டக் காட்டக் குழந்தை எழுத்துக்கூட்டுவதைக் கடைசி பெஞ்சிலிருந்து பார்த்து வெகுநாளாகிறது. அட்டைகள் இன்னும் சனிக்கிழமை மாலை மாறுகின்றன. புதிய கோயில்குட்டியார் மாற்றுகிறார்.

சனிக்கிழமைகளில் சார்வாளும், அவரோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரியைகளும் புத்தகத்தோடு வந்து உட்காருகிறார்கள். ஒருவர் வாசிக்க, ஒருவர் திரையைச் சரிபார்க்க, நான் எண்ணையும் எழுத்தையும் திருத்துகிறேன். கீர்த்தனைகளில் இருநூறைத் தாண்டிவிட்டோம். போன வாரம் ஒரு பாட்டில் மூன்றாம் சரணம் பழைய பதிப்பில் ஒரு மாதிரியும் புதியதில் வேறு மாதிரியும் இருந்தது. ஆசிரியைகள் இருவரும் புதியது சரி என்றார்கள். சார்வாள் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய அப்பாவின் புத்தகம் பரணில் இருக்கிறதாம், எடுத்துவரப் போயிருக்கிறார்.