இயேசு கிறிஸ்துவின் இறைத்தன்மையும் நித்தியமும்

இயேசு கிறிஸ்து படைக்கப்பட்டவர் அல்லர், அவர் தந்தையோடு என்றென்றும் இருக்கும் கடவுள், குறிப்பிட்ட ஒரு காலத்தில் மனிதராகப் பிறந்தார் என்பது கிறிஸ்தவ சமயத்தின் அடிப்படை நம்பிக்கை. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் சபையினர், லுத்தரன் உள்ளிட்ட புராட்டஸ்டண்ட் சபையினர் பல செய்திகளில் வேறுபட்டாலும் இதில் ஒன்றுபடுகின்றனர். இந்த நம்பிக்கையைத் தமிழில் சொல்ல நான்கு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் பல சொற்கள் முயன்று பார்க்கப்பட்டுள்ளன.

விவிலிய அடிப்படை

இந்த நம்பிக்கைக்கு முதன்மையாகக் காட்டப்படுவது யோவான் நற்செய்தியின் தொடக்கம். உலகம் உண்டாவதற்கு முன்பே ‘வார்த்தை’ இருந்ததாகவும், அது கடவுளோடு இருந்ததாகவும், கடவுளாகவே இருந்ததாகவும், பின்னர் மனித உடலெடுத்ததாகவும் அப்பகுதி கூறுகிறது. அதே நற்செய்தியின் 8ஆம் அதிகாரத்தில், ஆபிரகாம் பிறப்பதற்கு முன்பிருந்தே தாம் இருப்பதை இயேசு நிகழ்காலத்தில் சொல்கிறார். கொலோசெயர் முதல் அதிகாரம் எல்லாம் அவர் வழியாகப் படைக்கப்பட்டன என்கிறது. எபிரெயர் நிருபம் அவரைக் காலத்தால் மாறாதவர் என்கிறது.

வேறு விதமாகப் பொருள் கொள்ளத்தக்க பகுதிகளும் உள்ளன. தந்தை தம்மிலும் பெரியவர் என்று இயேசு சொல்வது (யோவான் 14), இறுதி நாளைத் தந்தையைத் தவிர யாரும், மகனும்கூட, அறியார் என்பது (மாற்கு 13) ஆகியவை அவற்றுள் சில. பழங்காலத் திருச்சபையில் விவாதம் எழ இவையும் காரணமாயின.

நிசேயா சங்கம்

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஆரியு என்ற குரு, மகன் மிக உயர்ந்தவர் என்றாலும் தந்தையால் உண்டாக்கப்பட்டவர், எனவே அவருக்கு ஒரு தொடக்கம் உண்டு என்று போதித்தார். இதை ஆராய 325ஆம் ஆண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் நிசேயாவில் ஆயர்களைக் கூட்டினார். மகன் தந்தையிடமிருந்து பிறந்தவர், ஆனால் படைக்கப்பட்டவர் அல்லர், தந்தையோடு ஒரே தன்மை உடையவர் என்று அச்சங்கம் அறிவித்தது. இங்கே ‘பிறந்தவர்’ என்பது காலத்தில் நிகழ்ந்த பிறப்பைக் குறிக்காது. தந்தைக்கும் மகனுக்கும் என்றென்றும் உள்ள உறவையே குறிக்கும். 381ஆம் ஆண்டின் கான்ஸ்டான்டிநோபிள் சங்கத்தோடு தொடர்புபடுத்தப்படும் விரிந்த வடிவமே இன்று நிசேயா விசுவாச அறிக்கையாக வழிபாட்டில் சொல்லப்படுகிறது. கிறிஸ்து முழுமையான கடவுளும் முழுமையான மனிதரும் ஆவார் என்பதை 451ஆம் ஆண்டில் கால்செதோன் சங்கம் வரையறுத்தது.

ஆரியுவை எதிர்த்தவர்களுள் முதன்மையானவர் அத்தனாசியு. அவருடைய வாதத்தின் மையம் மீட்பு. படைக்கப்பட்ட ஒருவர் மற்ற படைப்புகளைக் கடவுளோடு இணைக்க முடியாது. மீட்பவர் கடவுளாக இருந்தால்தான் மீட்பு கடவுளின் செயலாகும். அதோடு, தொடக்கத்திலிருந்தே கிறிஸ்தவர்கள் இயேசுவை வழிபட்டு வந்தனர். அவர் படைப்பு என்றால், அந்த வழிபாடு கடவுளுக்கு உரியதைப் படைப்புக்குக் கொடுப்பதாகிவிடும்.

தமிழில் சொல் தேடல்

கடவுளுக்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வழங்குகிறோமோ அதே சொல்லைத்தான் கிறிஸ்துவுக்கும் வழங்க வேண்டும். எனவே சொல்தேர்வு கோட்பாட்டுச் சிக்கலாகவும் இருந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான ஹென்றிக்கே ஹென்றிக்கஸின் நூல் தலைப்பிலேயே ‘தம்பிரான்’ என்ற சொல் உள்ளது. பின்வந்த கத்தோலிக்க நூல்களில் ‘சருவேசுரன்’ நிலைபெற்றது. பெப்ரிசியஸின் 18ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பில் ‘பராபரன்’ இடம்பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் ஐக்கிய மொழிபெயர்ப்பில் ‘தேவன்’ வந்தது. 1995இல் வெளியான திருவிவிலியம் ‘கடவுள்’ என்ற சொல்லை ஆள்கிறது.

‘வார்த்தை’, ‘வாக்கு’ ஆகியவை தமிழில் அஃறிணைச் சொற்கள். அதனால் யோவான் நற்செய்தியின் முதல் வசனம் அஃறிணை வினையோடு முடிகிறது. அடுத்த வசனத்தில் அதையே ‘அவர்’ என்று உயர்திணையில் சொல்கின்றனர். வார்த்தை என்பது ஓர் ஆள் என்பதைத் தமிழ் இலக்கணமே அந்த இடத்தில் காட்டிவிடுகிறது. திருவெளிப்பாட்டில் கிரேக்க எழுத்துவரிசையின் முதலும் கடைசியுமான அல்பா, ஓமெகா நித்தியத்துக்கு அடையாளமாக வருகின்றன. பழைய மொழிபெயர்ப்பு அப்பெயர்களை அப்படியே வைத்துக்கொண்டது. திருவிவிலியம் தமிழ் எழுத்துவரிசைக்கு ஏற்ப ‘அகரமும் னகரமும்’ என்று மாற்றியது.

அவதாரமும் மனிதப் பிறப்பும்

திருவண்ணாமலை வட்டாரத்தில் தொடக்கமும் முடிவும் இல்லாத இறைவன் என்ற எண்ணம் புதிதன்று. பிரமனும் திருமாலும் அடிமுடி காண முடியாத சோதியாகச் சிவன் நின்ற கதையே அண்ணாமலையின் தலபுராணம். கார்த்திகை தீபம் அதன் நினைவு. எனவே அங்கிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களில், கிறிஸ்து ஆதியும் அந்தமும் இல்லாதவர் என்ற சொல் கேட்பவருக்கு எளிதில் விளங்கும். விளக்கம் தேவைப்படுவது அவர் பிறந்தார் என்பதற்குத்தான். சைவ மரபில் சிவன் தாய் வயிற்றில் பிறவாதவர். வைணவ மரபில் இறைவன் பலமுறை அவதரிக்கிறார். கிறிஸ்தவம் ஒரே ஒரு பிறப்பைச் சொல்கிறது. பொந்தியு பிலாத்து என்ற ரோம ஆளுநரின் காலத்தில் அவர் சிலுவையில் இறந்தார் என்று விசுவாச அறிக்கையிலேயே காலத்தையும் குறிக்கிறது.

‘மனுஷாவதாரம்’ என்ற சொல் தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில் உண்டு. அதன் பொருளை விரிவாக ஆராய்ந்தவர், சென்னை மேயராகவும் இருந்த வழக்கறிஞர் வே. சக்கரை (1880-1958). இயேசு எடுத்த மனிதநிலை தற்காலிகமானதன்று, உயிர்ப்புக்குப் பின்னும் நிலைத்திருப்பது என்பது அவர் காட்டிய வேறுபாடு. கோயம்புத்தூர் பேராயராக இருந்த ஏ. ஜே. அப்பாசாமி (1891-1975) இராமானுஜரின் சிந்தனையைத் துணைகொண்டு யோவான் நற்செய்தியை பக்தி மார்க்கமாக விளக்கினார். தந்தைக்கும் மகனுக்கும் உள்ள ஒற்றுமையை அன்பிலும் சித்தத்திலும் உள்ள ஒற்றுமையாக அவர் விளக்கியது, நிசேயா கூறும் ‘ஒரே தன்மை’க்குப் போதுமானதா என்ற விமர்சனம் எழுந்தது.

மாற்றுக் கருத்துகள்

இயேசுவை ஏற்றும் அவரது இறைத்தன்மையை ஏற்காதவர்கள் உள்ளனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் சென்னையில் ஒருமைவாதக் கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். அச்சபை திரித்துவத்தை மறுத்தது. யெகோவாவின் சாட்சிகள் இயேசுவைக் கடவுளின் முதல் படைப்பு என்கின்றனர். இஸ்லாம் ஈசா நபியைப் பெரும் தூதராக மதிக்கிறது. கடவுளின் மகன் என்பதை ஏற்பதில்லை.

இன்றைய நிலை

திருவண்ணாமலை மாவட்டம் கத்தோலிக்க வேலூர் மறைமாவட்டத்துக்குள் அடங்கும். சேத்துப்பட்டு லூர்து மாதா ஆலயம் இம்மாவட்டத்தின் அறியப்பட்ட திருத்தலம். டென்மார்க் மிஷனரிகளின் பணியிலிருந்து உருவான ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் இங்கே செயல்படுகிறது. மரியன்னை வணக்கம், திருத்தந்தையின் அதிகாரம் ஆகியவற்றில் இவ்விரு சபைகளும் வேறுபடுகின்றன. ஆனால் கிறிஸ்து பிறந்தவர், படைக்கப்பட்டவர் அல்லர் என்ற நிசேயாவின் அறிக்கையை இரண்டுமே ஏற்கின்றன.