இரண்டு வருஷம் பொறுக்கக் கூடாதா?

"பொண்ணு சிவில் முடிச்சாச்சு, மேல்படிப்பு எதுக்கு? வரன் பார்க்கலாம்" என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்!

ஜம்மு காஷ்மீரில் செனாப் ஆற்றுக்கு மேலே, 359 மீட்டர் உயரத்தில், 2025-ல் ஒரு ரயில் பாலம் திறந்தார்கள். வளைவு மட்டும் கரைக்குக் கரை 467 மீட்டர்! தாங்கும் மலையோ வெடிப்பு விழுந்த பாறை. உருக்குக் கம்பிகளைச் செருகி, சிமெண்டுக் குழம்பு பாய்ச்சி அதை இறுக்கினார்கள். 17 வருஷம் அதற்கு யோசனை சொன்னவர் பேராசிரியை மாதவி லதா, வாரங்கலில் எம்.டெக்., சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் பெற்றவர்.

பட்டப்படிப்பில் பாலம் ஒரு சின்னப் பாடம். காற்று, பூகம்பம், அஸ்திவாரம் என்று அலசுவது மேல்படிப்பில்தான். 'கேட்' தேர்வில் தேறி எம்.டெக். சேர்ந்தால் மாத உதவித்தொகையும் உண்டு.

உங்கள் பெண் கேட்பது இரண்டே வருஷம். கல்யாணம் எங்கே ஓடிப் போகிறது?