டிரினிட்டி: மணலில் எஞ்சியதும் எஞ்சாததும்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், 1945 ஜூலை 16 அன்று விடியற்காலை 5.29 மணிக்கு உலகின் முதல் அணுகுண்டு வெடித்துச் சோதிக்கப்பட்ட டிரினிட்டி என்னும் பாலைநிலப் பகுதி, இன்று ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தின் எல்லைக்குள் ராணுவக் காவலில் இருப்பதால், ஆண்டில் ஓரிரு நாள்கள் மட்டுமே பொதுமக்களுக்குத் திறக்கப்படுகிறது. வருவோர் காணக்கூடியது மிகக் குறைவே: கம்பிவேலிக்குள் ஆழமற்ற ஒரு பள்ளம், அதன் நடுவே கரிய எரிமலைக் கற்களால் எழுப்பப்பட்ட 12 அடி நினைவுத்தூண், குண்டைத் தாங்கி நின்று ஆவியாகிப்போன 100 அடி இரும்புக் கோபுரத்தின் அடித்தள எச்சம்.

இவற்றைவிட அதிகம் சொல்லக்கூடியது அங்குள்ள மணல். குண்டின் நடுவிலிருந்த புளுட்டோனிய உருண்டையைச் சுற்றிலும் அடுக்கப்பட்ட வெடிமருந்து எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஒரே கணத்தில் உள்நோக்கி அழுத்த, அணுக்கருக்கள் தொடர்வினையாகப் பிளந்து, 21,000 முதல் 25,000 டன் டி.என்.டி. வெடிமருந்துக்கு நிகரான ஆற்றல் வெளிப்பட்டது. அப்போது எழுந்த தீக்கோளம் தரைமணலை மேலே இழுத்து உருக்கித் துளித்துளியாகப் பொழிய, அவை படிந்து ஆறியதில் பச்சைநிறக் கண்ணாடி உருவாயிற்று. டிரினிட்டைட் எனப்படும் அதன் பெரும்பகுதி பின்னர் அகற்றப்பட்டுவிட்டது, எஞ்சிய சில்லுகளை எடுத்துச்செல்லவும் தடை உண்டு. அளவைக் கருவிகளுக்குச் சென்ற கம்பிகளின் செம்பு கலந்த இடங்களில் மட்டும் அக்கண்ணாடி அரிதாகச் செந்நிறம் பெற்றது. அத்தகைய துண்டொன்றில், இத்தாலியக் கனிமவியலாளர் லூக்கா பிந்தியின் குழுவினர் குவாசிப் படிகம் இருப்பதை 2021இல் அறிவித்தனர். சாதாரணப் படிகத்தில் அணுக்கள் ஒரே அமைப்பில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கும். குவாசிப் படிகத்திலோ ஒழுங்கு உண்டு, அந்தத் திரும்புதல் இல்லை. இயற்கையில் இயலாதது என நெடுங்காலம் கருதப்பட்ட இவ்வமைப்பை டான் ஷெக்ட்மன் ஆய்வகத்தில் 1982இல் கண்டு, 2011இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். அவர் காண்பதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்பே டிரினிட்டி வெடிப்பு எவரும் அறியாமல் அதை உருவாக்கிவிட்டிருந்தது என்பது வியப்புக்குரியது.

கதிரியக்கப் பொருளின் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம் அரை ஆயுட்காலம் எனப்படும். வெடிப்பில் உண்டான சீசியம்-137க்கு அது ஏறத்தாழ 30 ஆண்டுகள் என்பதால், அன்று தரையில் விழுந்ததில் சுமார் ஆறில் ஒரு பங்கே இன்று மிஞ்சியுள்ளது. 24,000 ஆண்டுகள் கொண்ட புளுட்டோனியம்-239 அநேகமாகக் குறையவே இல்லை. ஆயினும் ஒரு மணி நேரம் அங்கு நிற்பவருக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு ஒரு மில்லிரெம் அளவைத் தாண்டாது என்பதால், இன்றைய பார்வையாளர் அஞ்ச வேண்டியதில்லை.

அன்று அருகில் வாழ்ந்தோரின் நிலையை இந்த அளவீட்டால் அறிய முடியாது. பால் வழியாக உடலில் புகுந்து தைராய்டு சுரப்பியில் சேரும் அயோடின்-131இன் அரை ஆயுட்காலம் 8 நாள்களே. தீங்கு செய்யவல்ல அப்பொருள் சில மாதங்களில் மண்ணில் தடமின்றி மறைந்துவிட்டது. சுற்றுவட்டாரக் குடும்பங்களுக்கு எச்சரிக்கை எதுவும் தரப்படவில்லை. வெடித்தது ஓர் ஆயுதக் கிடங்கு என்றே செய்தி வெளியிடப்பட்டது. கதிரியக்கத் தூசு படிந்த கூரையில் வழிந்த மழைநீரைத் தொட்டிகளில் சேமித்துக் குடித்தவர்கள் அவர்கள். 1990இல் இயற்றப்பட்ட கதிர்வீச்சு இழப்பீட்டுச் சட்டம், நெவாடா சோதனைகளால் பாதிக்கப்பட்ட பகுதிகளின் மக்களைச் சேர்த்துக்கொண்டு இவர்களை விட்டுவிட்டது கடும் அநீதியாகும். அவர்களையும் அச்சட்டத்தில் சேர்க்கும் திருத்தம், அவர்களில் பலர் இறந்துவிட்ட பின்னர், 2025இல்தான் நிறைவேறியது.