குடியும் உளச்சோர்வும்

நாடோறும் மதுவருந்தும் ஒருவனைக் குடிகாரன் என்று ஊரார் இகழ்கின்றனர். அவன் இரவெல்லாம் உறக்கமின்றி உயிரை வெறுத்துக் கிடந்தமையை அவர் அறியார். உறங்குதற்பொருட்டு அவன் அருந்துகின்றான். மதுவோ உறக்கத்தைக் குலைத்துச் சோர்வை மிகுவிக்கின்றது. மிகுந்த சோர்வு மீண்டும் மதுவை நாடச் செய்கின்றது. இவ்வாறு ஒன்றையொன்று வளர்க்கும் இரு பிணிகளுக்கும் வெவ்வேறிடத்திற் சிகிச்சை பெறுமாறு பணித்தல் பொருந்துமா? பேருந்து அரிதாக ஓடும் சிற்றூரான் இரண்டாமிடத்தை அடைவதேயில்லை.

இந்தியாவின் கோவாவில் இதற்கொரு வழி ஆராயப்பெற்றது. சங்காத் என்னும் நிறுவனத்தினரான விக்கிரம் பட்டேல் முதலியோர், மருத்துவக் கல்வியில்லாத உள்ளூரவரைப் பயிற்றி ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமர்த்தினர். சோர்வுற்றோரை அவ்வாலோசகர் ஆறு முதல் எட்டு முறை சந்தித்து, கைவிட்ட சிறு கருமங்களை ஒவ்வொன்றாக மீண்டும் மேற்கொள்ளச் செய்தனர். குடியால் இடருற்ற ஆடவரை நான்கு முறைக்கு மேற்படாது சந்தித்து, அச்சுறுத்தாமல், தத்தம் நிலையைத் தாமே எண்ணிப் பார்க்கத் தூண்டினர். ஆராய்ச்சி இரண்டாயினும் ஆலோசகர் ஒருவரே என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

முடிபுகள் 2017இல் லான்செற் இதழில் வெளிவந்தன. மூன்று மாதத்தின் பின் சோர்வுற்றோருள் ஆலோசனை பெற்றவர் நூற்றுக்கு 64 பேர் தேறினர். வழமையான சிகிச்சை மட்டும் பெற்றோருள் 39 பேரே தேறினர். குடியில் வேறுபாடு சிறிது: முறையே 36, 26. குடி எளிதில் விடும் பிணியன்று.

குடிக்கு முற்றும் அடிமையானோர் இவ்வாராய்ச்சியிற் சேர்க்கப்பட்டிலர். அன்னோர் திடீரென நிறுத்தின் வலிப்பு உண்டாகலாம். இரண்டு மூன்று நாளிற் பிதற்றலும் பொய்த்தோற்றங்களும் தோன்றி உயிருக்கே இடர் நேரலாம். குடிப்பவனை அறையிற் பூட்டித் திருத்த முயலும் உறவினர் பலரை யான் கண்டதுண்டு. அன்பினாற் செய்வதாயினும் அஃது ஆபத்தானது. வைத்தியசாலையிலே தக்க மருந்தும் தயமின் என்னும் உயிர்ச்சத்தும் கொடுத்து அந்நாட்களைக் கடத்துவிப்பர்.

அதன் பின்னரே ஒருங்கிணைந்த சிகிச்சையின் பயன் புலனாகும். குடி நின்ற சில வாரங்களிற் பலருக்குச் சோர்வு தானே நீங்கும். நீங்காதவர் யாவர் என்பது, அவ்வாரங்களில் நோயாளனைத் தொடர்ந்து காண்பவருக்கே தெரியும். குடி நின்றதென அவன் பெயரை ஏட்டிலிருந்து நீக்கிவிட்டால், எஞ்சிய சோர்வு அவனை மீண்டும் தவறணைக்கே அழைத்துச் செல்லும்.